சுறாவுக்குப் பால் கிடையாது

சுறாவுக்குப் பால் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது. பால் சுறா என்று நம்மவர்கள் ஒரு மீனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை முழம் வளரும், மிஞ்சினால் இரண்டு. கரையை ஒட்டிய மணல் தரையிலேயே சுற்றும். பிள்ளை பெற்றவளுக்கு அதைப் புட்டாக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். பெயர் வந்த கதை அவ்வளவுதான். அதைப் பிடித்துக் கறந்து பார்த்தவர் யாரும் இல்லை. அந்தப் பெயரை நம்பி நான் பேய் பிடித்தவள்போல அலைந்தேன்.

என் தங்கை என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அம்மா போன பிறகு நான்தான் அவளுக்கு அம்மா என்று ஊரே சொல்லும். அவள் மட்டும் சொல்ல மாட்டாள். லுக்குட் என்ற கடலோர ஊரிலிருந்து பத்து நிமிடம் உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் கிராணி, கணக்கெழுதுகிறவள். தோட்டத்தில் பழைய ஆட்கள் ஆறேழு குடும்பம்தான் மிச்சம்; மற்ற எல்லோரும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். மேனேஜர் முதல் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வரை என் குரல் கேட்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அதனால் பிள்ளைப்பேறு பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கைக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை அது. புருஷன் சிங்கப்பூரில் வேலை, கிழமைக்கு ஒரு முறைதான் வருவான். ஏழு மாதம் முடிந்த கையோடு ஒரு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. என் காடியின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பெண் குழந்தை. ஒரு பாக்கெட் சீனியைவிடக் கொஞ்சம்தான் எடை கூடுதல். உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பெட்டியின் பக்கத்தில் கை விடுகிற ஓட்டை இருந்தது. நான் ஒரு விரலை நீட்டினேன். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

டாக்டர் சின்னப் பெண், நம்ம பெண்தான். குடல் இன்னும் பழுக்கவில்லை அக்கா என்றாள். மாவுப்பால் கொடுத்தால் அந்தக் குடலுக்குத் தாங்குவது கஷ்டம், வயிறு ஊதிப்போகலாம், தாய்ப்பால் சில சொட்டு கிடைத்தால்கூட மருந்து மாதிரி என்றாள். எப்படியாவது கொண்டு வாருங்கள் என்று சொல்லி, ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்சு ஒரு கட்டு கொடுத்தாள். அந்த வார்த்தை எனக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. எப்படியாவது.

மூன்றாம் நாள் தங்கையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாப்பா அங்கேயே இருந்தது. புருஷன் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். நான் லீவு போட்டேன். அம்மா எனக்குச் சொல்லியிருந்த பத்தியம் முழுவதையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். காற்று படக்கூடாது, வெளியே போகக்கூடாது, தலைக்குத் துணி கட்ட வேண்டும், கண் கெட்டுவிடும் என்பதால் போன் பார்க்கக்கூடாது. அவள் போனை வாங்கிச் சத்தத்தை அடக்கி என் கைப்பையில் போட்டேன். மிளகு, பூண்டு, கருவாடு தவிர வேறு எதுவும் சட்டிக்குள் போகாது. முக்கியமாகத் தண்ணீர். பச்சை உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் வயிறு தொந்தியாகத் தங்கிவிடும், குளிர் ஏறும் என்பது அம்மாவின் சட்டம். காலையில் அரை டம்ளர், மத்தியானம் அரை டம்ளர், பொழுது சாய்ந்ததும் அரை டம்ளர், ஓமம் போட்டுக் கொதிக்க வைத்தது. அதற்கு மேல் கேட்டால் என் கண்ணே பதில் சொல்லும். நான் வீட்டில் இல்லாதபோதுகூட என் பேச்சை மீறிக் குழாயைத் தொட மாட்டாள்.

அவள் கேட்காமல் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள்.

“தண்ணி குடு லா அக்கா. தொண்டை காயுது.”

“பொறுத்துக்கடி. அம்மா உன்னைப் பெத்தப்ப இப்படித்தான் இருந்தாங்க, நான் பார்த்தவ.”

உண்மைதான், பார்த்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஆனால் அம்மாவுக்குப் பால் இருந்ததா, தங்கை எதைக் குடித்து வளர்ந்தாள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் அவளுக்குக் கொஞ்சம் வந்தது. மஞ்சளாக, கெட்டியாக, சிரிஞ்சில் கால் பாகம். அதை ஐஸ் டப்பாவில் வைத்து, பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, சிரம்பான்வரை ஓட்டிக்கொண்டு போவேன். வார்டு நர்ஸ், மிஸ்ஸி என்போம், அதை வாங்கி மூக்கில் போட்ட குழாய் வழியாக விடுவாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். மூன்றாம் நாள் சிரிஞ்சின் நுனி மட்டும் நனைந்தது. அடுத்த நாள் அதுவும் இல்லை. பம்ப் வெறும் காற்றை இழுத்தது. தங்கை மார்பைப் பிசைந்து பிசைந்து அழுதாள். கண்ணீர்கூடச் சரியாக வரவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு வெறும் ஐஸ் டப்பாவோடு போனேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. மிஸ்ஸி கை நீட்டினாள். நான் டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அன்று முதல் மாவுப்பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். வேறு வழி இல்லை, பிள்ளை பட்டினி கிடக்க முடியாது. திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். பால் சுறா.

லுக்குட் பசாரில் வழக்கமாக மீன் வாங்கும் சீனனிடம் போய், “யூ சூசு” இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். யூ என்றால் சுறா, சூசு என்றால் பால். இதில் என்ன தப்பு இருக்க முடியும்? அவன் ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு, ஐஸுக்கு அடியிலிருந்து மெலிந்த ஒரு சுறாவை இழுத்துப் போட்டான். உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு, நீண்ட வால். இதுதானா என்றேன். சுறா சுறாதானே அக்கா என்றான். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

மஞ்சள் போட்டு அவித்து, மேலே உப்புத்தாள் மாதிரி இருக்கும் தோலைச் சுரண்டி, முள் எடுத்து, சதையை உதிர்த்து, இரண்டு கையாலும் பிழிந்தேன். ஒரு கைப்பிடி பூண்டு, வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டு ஈரம் வற்றுகிறவரை கிளறினேன். புட்டு பொலபொலவென்று வந்தது. தட்டு நிறையக் கொடுத்தேன். நாலு வாய் தின்றதும் அவளுக்கு அடைத்துக்கொண்டது. தண்ணீர் என்று கையைக் காட்டினாள். மத்தியானப் பங்கு முடிந்துவிட்டது என்றேன். எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். தட்டைக் காலி செய்யும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் அதே மீன், அதே புட்டு. ஒரு சொட்டு இல்லை. பாப்பாவின் வயிறு லேசாக ஊதியிருக்கிறது, பாலை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னாள். கண்ணாடிக்குள் அந்த வயிறு பளபளவென்று தெரிந்தது. நான் கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் மீன் மேல் வந்தது. இது சரியான சுறா இல்லை, அதுதான் கோளாறு என்று மனம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் லுக்குட் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். அங்கே சின்னப் படகுகள் வந்து அணையும் பலகைத் துறை ஒன்று உண்டு. ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அறுபது இருக்கும். நான் போய் யூ சூசு வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். மலாயில் சூசு என்றால் பால் மட்டும் இல்லை, மார்பும்தான். அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், முலை வைத்த சுறாவை இன்னும் பார்த்ததில்லை என்றார் அவர்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். மலாய், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் கலந்து கத்தினேன். ஒரு பச்சைப்பிள்ளை உயிருக்குப் போராடுகிறது, உங்களுக்குச் சிரிப்பு கேட்கிறதா என்றேன். கத்திய வேகத்தில் குரல் உடைந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சிரிக்கவே இல்லை.

நான் வாங்கியது யூ சிச்சாக், பல்லிச் சுறா என்று அந்த அம்மாதான் சொன்னாள். பாறை இடுக்கில் சோம்பேறியாகப் படுத்துக் கிடக்கும். தோல்பை மாதிரி ஒரு கூட்டில் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். வலையில் சில நேரம் அந்தக் கூடுகளே மாட்டும். உங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளுக்குத் தேடுவது யூ பாசிர், மணல் சுறா, முன்பு நிறையப் பேர் வந்து கேட்பார்கள் என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டை போடுகிற சாதியிடம் போய்ப் பால் கேட்டிருக்கிறேன்.

மணல் சுறா எப்படி இருக்கும் என்று அவர் விளக்கினார். மேலே சாம்பல், வயிறு வெள்ளை, பெரிய கண், வாய் முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு மடிப்பு. அந்த மடிப்பை வைத்துத்தான் மற்ற சின்னச் சுறாவிலிருந்து பிரிக்க வேண்டும். சின்ன மீன், கணவாய், இறால் தின்னும். அது குட்டி போடும், முட்டை போடாது. ஒரு வருஷத்துக்குக் கிட்டச் சுமந்து நாலோ ஐந்தோ போடும், சில நேரம் அதுவும் இல்லை. மற்ற மீன் மாதிரி லட்சக்கணக்கில் முட்டையைக் கொட்டுகிற வர்க்கம் இல்லை. அதனால்தான் இழுவைப் படகுகள் வந்த பிறகு சீக்கிரம் குறைந்துவிட்டது என்றார். குட்டி போடுகிற காலத்தில் தாய் மீன் ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். அப்போது வயிறு பெருத்தது வலையில் மாட்டினால் அவர் திருப்பி விட்டுவிடுவார். அது அவர் பழக்கம். வயிறு இல்லாதது கிடைத்தால் உனக்குத்தான், தினமும் வந்து பார் என்றார்.

அதன் பிறகு தினமும் விடியற்காலை அங்கே நின்றேன். வீட்டுக் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். தங்கை வெளியே வந்து காற்று பட்டுவிடக்கூடாது அல்லவா. அவர்கள் பொழுது சாயும்போது போட்டு வைத்த வலையை விடிந்ததும் இழுப்பார்கள். நண்டு வரும், மத்தி வரும், குப்பை வரும். சுறா வராது. ஒரே ஒரு முறை தூண்டில் வரிசையில் மாட்டிய தலை மட்டும் வந்தது. உடம்பை வேறு ஏதோ தின்றுவிட்டிருந்தது. அந்தத் தலையைக் கொடுங்கள் என்று கேட்டேன். அதில் சதையே இல்லை என்று அவர் மென்மையாகச் சொன்னார். அங்கிருந்து நேராகச் சிரம்பானுக்குப் போவேன். ஒரு நாள் பாப்பா பரவாயில்லை என்பார்கள், மறுநாள் பால் நிறுத்தியிருக்கிறோம் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் கேட்டில் ஏதாவது துண்டுக் காகிதம் செருகியிருக்கும். விளம்பரம் என்று நினைத்துக் காடிக்குள் வீசுவேன்.

தங்கை அப்போது பேசுவதைக் குறைத்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன். பம்பை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காருவாள்; வெறும் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நாலாவது விடியலில் வலையோடு அது வந்தது. உயிரோடு. வாயோரத்தில் மடிப்பு இருந்தது. அவர் அதைக் கையில் தூக்கி வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். வயிறு இறுகிப் பெருத்திருந்தது. படகின் ஓரத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

நான் துறையிலிருந்து படகுக்குள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். படகு ஆடியது. விடு, இது குட்டி போடப்போகிறது, நாளைக்கு வேறு கிடைக்கும் என்றார். நாளைக்கு என்பது எங்களுக்கு இல்லை என்றேன். மீன் எங்கள் இரண்டு பேர் கையிலும் துள்ளியது. அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ சங்கடம்தான் இருந்தது. கடைசியில் அவர் மனைவி மெல்லிய குரலில், கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அதைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தபோது அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

“அதோட அம்மா முன்னால இதைத் திறக்காதே.”

பாப்பாவின் அம்மாவைச் சொன்னாள். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

வீட்டின் பின்பக்கம், குழாயடியில், சிமெண்டுத் தரையில் வைத்து வயிற்றைக் கிழித்தேன். ஐந்து குட்டி. ஒவ்வொன்றும் என் கையளவு நீளம். கண் திறந்திருந்தது, துடுப்பு எல்லாம் முழுதாக இருந்தது. ஒவ்வொன்றின் நெஞ்சுப் பக்கத்திலிருந்தும் ஒரு கொடி தாயின் வயிற்றுக்குள் போயிற்று. தொப்புள்கொடி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மீன் தன் பிள்ளைகளுக்கு ஊட்டுவதெல்லாம் உள்ளேயே அந்தக் கொடி வழியாக ஊட்டிவிடுகிறது. வெளியே வந்த பிறகு கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நாலு குட்டி அசையவில்லை. ஐந்தாவது அசைந்தது. கொடியை அறுத்து, குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்து அதற்குள் விட்டேன். அது கடல் மீன், குழாய்த் தண்ணீரில் இருக்காது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் விட்டேன். வாளியின் ஓரத்தை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கீழே போனது. நான் உள்ளே கையை விட்டு, ஒரு விரலால் அதைத் தொட்டேன்.

பின்னால் சத்தம் கேட்டது. தங்கை பின்வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் டம்ளர். எனக்குத் தெரியாமல் குழாயடியில் தண்ணீர் பிடித்துக் குடிக்க வந்திருக்கிறாள். சிமெண்டில் கிடந்த நாலையும் பார்த்தாள். வாளிக்குள் பார்த்தாள். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் அதையும் சமைத்தேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. குட்டிகளை பப்பாளி மரத்தடியில் புதைத்தேன், தாயைப் புட்டாக்கினேன். தட்டை நீட்டியபோது அவள் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாயாகத் தின்றாள், ஒரு பருக்கை விடாமல். அன்று அவள் தண்ணீர் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை நான் துறைக்குப் போகவில்லை. அதனால்தான் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றபோது வீட்டில் இருந்தேன். கிளினிக் மிஸ்ஸி, மலாய்க்காரி. பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கிறவள். மூன்று தடவை வந்தேன், பூட்டியிருந்தது, சீட்டு வைத்துவிட்டுப் போனேனே, போன் போட்டாலும் எடுப்பதில்லையே என்றாள். காடிக்குள் கிடக்கும் காகிதங்கள் ஞாபகம் வந்தன.

அவள் தங்கையின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். தோல் உடனே படியவில்லை, மடிப்பு அப்படியே நின்றது. நாக்கை நீட்டச் சொன்னாள். மூத்திரம் என்ன நிறம் என்று கேட்டாள். பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான்தான் பதில் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அரை டம்ளர் மூன்று வேளை, ஓமம் போட்டது, எங்கள் முறைப்படி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றேன். பால்தான் வரவில்லை, சுறாகூடக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

மிஸ்ஸி எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். என்னை வயதில் பெரியவள் என்று மதித்துத்தான் பேசினாள்.

“காக், சூசு இத்து ஆயர்.”

அக்கா, பால் என்பது தண்ணீர்தான். நாலே வார்த்தை. அவளே சமையலறைக்குப் போய் ஜக்கு நிறைய எடுத்து வந்தாள். தங்கை இரண்டு கையாலும் ஜக்கையே பிடித்து வாயில் வைத்துக் குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து சட்டை நனைந்தது. மெதுவாக, மெதுவாக என்று மிஸ்ஸி முதுகைத் தடவினாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். என் தங்கை குடிக்கும் சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது.

அன்று முழுவதும் குடித்தாள். மிஸ்ஸி சொன்னபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் வைத்தாள். மறுநாள் காலை பாட்டிலின் அடி நனைந்தது. அதற்கு மறுநாள் காலை என்னை அவள் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு சிரிஞ்சு நிறைந்து, இரண்டாவதும் நிறைந்து, மூன்றாவதில் பாதி. வெள்ளையாக. அவள் சிரித்தாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சீக்கிரம் கொண்டு போங்க அக்கா என்று என்னைத் தள்ளினாள்.

ஐஸ் டப்பாவுக்குப் பெல்ட் போட்டேன். வழி நெடுக அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். போகிற வழியில் போன் இரண்டு தடவை அடித்தது. காடி ஓட்டும்போது எடுக்கவில்லை.

வார்டில் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். அந்தச் சின்ன டாக்டர் வந்து என் எதிரே நின்றாள். இப்போதுதான் அக்கா, அரை மணி நேரம் இருக்கும், போன் செய்தோம் என்றாள். குடலில் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது, எங்களால் முடிந்ததெல்லாம் பார்த்தோம் என்றாள். நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். பால் வந்துவிட்டது, பாருங்கள் என்றேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் அழுதுவிட்டாள். டாக்டர்கள் அழக்கூடாது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் அவளைத் தேடிப்போய்க் கேட்டேன். முதல் நாளிலிருந்தே பால் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று. சொல்ல முடியாது அக்கா என்றாள். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் குடித்தாலும் இது வரலாம், குடிக்காவிட்டாலும் வராமல் போகலாம் என்றாள். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பச்சைப்பிள்ளை என்பதால் புதைத்தோம். தங்கை புருஷன் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனான். குழிக்குப் பால் விட வேண்டும் என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். யாரோ பாக்கெட் பால் வாங்கி வைத்திருந்தார்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐஸ் டப்பாவைத் திறந்தேன். இரண்டரை சிரிஞ்சுப் பால். மண் அதை உடனே குடித்துவிட்டது.

தங்கைக்குப் பால் நிற்கவில்லை. மார்பு கல்லாக இறுகி, சட்டை நனைந்து, காய்ச்சல் வந்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று தோட்டத்தில் ஒருத்தி வந்து சொன்னாள். எனக்கு வாயில் நன்றாக வந்தது. யாருடைய முறையும் இனி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மிஸ்ஸி மாத்திரை கொடுத்தாள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், குடித்தால்தான் காய்ச்சல் இறங்கும் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜக்கு நிறையப் பிடித்தேன். ஐஸ்கூடப் போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, டம்ளரில் முழுதாக ஊற்றி நீட்டினேன். அவள் உதடு மறுபடியும் வெடித்திருந்தது. குடிம்மா என்றேன். ஒரு வாய் குடிடி, உன் காலைப் பிடிக்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவள் டம்ளரைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லாமல், என் கையை மெதுவாகத் தள்ளினாள்.

“வேணாங்க்கா. குடிச்சா ஊறுது.”